ஐம்பத்தோரு மில்லிமீட்டர்

கோகிலவாணியின் தையல் மேசையிலிருந்து ஊசிகள் காணாமல் போயின. எல்லா ஊசியும் அல்ல. சமிக்கி தைப்பதற்கென்று அவள் தனியே வைத்திருந்த மெல்லிய, நீளமான ஊசிகள் மட்டும். முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் மூன்று. ராசிபுரத்தில் அவள் வீட்டு முன்னறைக்கு ரவிக்கைத் துணியோடு வருகிற பெண்கள் ஊசி எடுத்துப் போகிற ஆட்கள் இல்லை. கீழே விழுந்திருக்கும் என்று ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்துப் பார்த்தாள். ஏழு குண்டூசியும் ஒரு கொக்கியும் ஒட்டிக்கொண்டு வந்தன. சமிக்கி ஊசி ஒன்றுகூட வரவில்லை.

கிடைத்த இடம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியின் மேல்தட்டில் கணவரின் பழைய சீருடைகளைத் துணி வியாபாரிக்குப் போடலாம் என்று இறக்கினாள். அவற்றுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால், பாட்டில் கார்க் ஒன்றில் அவளுடைய ஐந்து ஊசிகளும் காதுப் பக்கம் புதைந்து, முனைப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, சின்ன முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்தன. கூடவே வேறு சாமான்கள். மரக் கைப்பிடி போட்ட கனமான எவர்சில்வர் குண்டு ஒன்று, ஆபீஸ் முத்திரைக் கட்டை போல. மூக்கு வைத்த ஒரு சின்னக் குவளை. அடியில் எண்ண முடியாத பொடி ஓட்டைகளோடு ஒரு கிண்ணம். கடைசியாக, உள்ளங்கை அகலத்தில் கறுப்பு நிறத் தராசு.

அந்தத் தராசைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. ஒரு சட்டைப் பொத்தானை மேலே வைத்தாள். கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டியது. இத்தனை சன்னமாக எடை போடுகிறவர்கள் யார் என்று யோசித்தபோது அவளுக்கு நினைவு வந்தவை நகைக் கடையும், செய்தித்தாளில் கைவிலங்கோடு நிற்கிறவர்களின் படங்களும்தான். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுசன்மேல் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

காளிதாஸ் அரசுப் பேருந்தில் நடத்துநர். சேலம், நாமக்கல் தடத்தில் மட்டும் பதினேழு வருஷம். தினமும் வருகிறவர் எங்கே இறங்குவார் என்பது அவருக்குத் தெரியும். தூங்கிப்போனால் எழுப்பி இறக்கிவிடுவார். பேருந்தில் உரத்த குரல். நாளெல்லாம் கூவிவிட்டு வீடு வரும்போது அது தீர்ந்து போயிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கே உதட்டைத்தான் பார்க்க வேண்டும். தனக்கென்று ஒன்றும் வாங்கத் தெரியாதவர். கலியாணமான புதிதில் வாங்கிய ஒரு ரேடியோவைத் தவிர, அவர் ஆசைப்பட்டு வாங்கினார் என்று சொல்ல வீட்டில் ஒரு பொருள் கிடையாது. வேட்டி, செருப்பு எல்லாம் அவள் எடுத்துக் கொடுப்பதுதான்.

டின்னில் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பிப் படம் எடுத்து, ஓசூரில் வேலை பார்க்கிற மகள் தனப்பிரியாவுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் மகளே கூப்பிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"பயப்படாதீங்கம்மா. அது காப்பிக்குங்க."

"காப்பிக்கு எதுக்குடி தராசு?"

மகள் முழுக் கதையையும் சொன்னாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, முதல் சம்பளம் வாங்கிய மாதம், அவள் அப்பாவைச் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே எஸ்பிரெஸோ என்று, விரற்கடை உயரக் கோப்பையில் அரைக் கோப்பைக்கும் குறைவாக ஒரு காப்பி கொடுத்தார்கள். அப்பா முகத்தைச் சுளித்தார். ஆனால் முழுக்கக் குடித்தார். மறுவாரம் போன் பண்ணி, அது எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான். டெப்போவில் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்திருக்கிறார். மிஷின், அதில் மாட்டுகிற கைப்பிடி, பொடியை அழுத்துகிற குண்டு, கட்டி உடைக்க ஊசி என்று எல்லாம் மனப்பாடம். விலை மலிவாகக் கிடைத்ததை ஒவ்வொன்றாக டெப்போ முகவரிக்கு வரவழைத்திருக்கிறார். நடத்துநர் பைக்குள் அடங்கியதெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மிஷின் மட்டும் பைக்குள் அடங்காது.

"அது மட்டுமில்லீங்கம்மா," என்றாள் தனப்பிரியா. "நீங்க ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வாங்கோணும்னு சொல்லீட்டே இருக்கீங்களாமா. அது வாங்குன பொறவுதான் இதுன்னு அப்பா சொல்லீட்டாரு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு."

கோகிலவாணி போனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓவர்லாக் மிஷின் வேண்டும் என்று அவள் சொல்வது உண்மைதான். நாலு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும், துணி குவிந்து கழுத்து வலிக்கிற நேரத்தில் சொல்வாள். அது வலியில் வருகிற பேச்சு. பக்கத்துத் தெருவில் தீபிகா என்ற பெண் மிஷின் வைத்திருக்கிறாள். ஓரம் அடிக்கத் துணியை அங்கே அனுப்பினால் சாயங்காலம் வந்துவிடும், அவளுக்கும் ஒரு பிழைப்பு. பொங்கல் கழிந்தால் கோகிலவாணிக்கே அந்தப் பேச்சு மறந்து போகும். அவள் மறந்துபோன ஒரு பேச்சுக்காக ஒரு மனுசன் ஒன்றரை வருஷமாகக் குண்டையும் குவளையையும் டின்னில் போட்டு மூடிவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

கொஞ்சம் அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மகளுக்குத் தெரியும், பார்சல் வாங்கி வைத்த டெப்போ வாட்ச்மேனுக்குத் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது.

அன்று அவர் வந்ததும் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு, அவள் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தாள். மறுநாள் காலை அவர் முதல் பேருந்துக்குக் கிளம்பியதும் மகளைக் கூப்பிட்டு, அந்தக் காப்பி மிஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

புதியது என்றால் விலை கூட. பழையது நல்லதாகக் கிடைக்கும், பார்க்கிறேன் என்றாள் மகள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மிஷினில் பல அளவு உண்டு. அப்பா வாங்கி வைத்திருக்கிற குண்டும் கிண்ணமும் எந்த அளவோ, அந்த மிஷின்தான் வேண்டும். மாறிப்போனால் அத்தனை சாமானும் வீண். அளவு எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கோகிலவாணி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தாள். குண்டின் அடிப்பாகத்தில் குறுக்கே வைத்தாள்: இரண்டு அங்குலம், மயிரிழை கூட. அது போதாது என்று, இடுப்பளவு எடுப்பது போலச் சுற்றியும் எடுத்தாள்: ஆறே கால் அங்குலத்துக்கு மேல் ஒரு மயிரிழை. டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கம் பார்த்தாள். சுற்றளவு சரியாகப் பதினாறு. மகள் கணக்குப் போட்டு, ஐம்பத்தோரு மில்லிமீட்டர் என்றாள். கோகிலவாணி அதை ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டில், யாரோ ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தில், கீழே எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஓமலூரில் ஒன்று இருப்பதாகச் செய்தி வந்தது. விற்பவன் பெயர் நந்தகுமார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். லைனிங் துணியும் லேஸும் வாங்கச் சேலம் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுக் கோகிலவாணி கிளம்பினாள். கைப்பையில் டேப்பும் அந்தக் குண்டும் இருந்தன. புது ரவிக்கை தைக்க அளவு ரவிக்கை வாங்குவது போல, மிஷின் வாங்க அளவுக்குண்டு.

நந்தகுமார் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். மிஷின் நல்ல மிஷின், ஒரு குறையும் இல்லை, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று ஐம்பத்தெட்டு அளவில் பெரியது வாங்கிவிட்டதால் இதைக் கொடுக்கிறான். சமையலறையில் அவன் அம்மா ஓரமாக ஒதுங்கி நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில் பாதி மேடையை அவனுடைய சாமான்களே பிடித்துக்கொண்டிருந்தன. இதையாவது எடுத்துப் போனால் எனக்கு இட்லிப் பானை வைக்க இடம் கிடைக்கும் என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

விற்பனைக்கு இருந்தது மெலிந்த, நின்றவாக்கில் ஒரு மிஷின். கோகிலவாணி அதன் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி, பையிலிருந்து குண்டை எடுத்து அதன் கிண்ணத்துக்குள் இறக்கினாள். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல், பிடிக்காமலும் தொளதொளக்காமலும் போய் உட்கார்ந்தது. நன்றாக வெட்டிய கைக்குழியில் தோள் பொருந்துவது போல இருந்தது. அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்தது. நந்தகுமார் அவளை மரியாதையோடு பார்த்தான். இத்தனை நாளில் குண்டோடு வந்து பார்த்தது நீங்கள் ஒருவர்தான் என்றான்.

பிறகு ஓட்டிக் காட்டுவதற்காக ஒரு காப்பி போட்டான். எப்படி வேண்டும், அப்படியேவா, வெந்நீர் சேர்த்தா, பால் சேர்த்தா என்று கேட்டான். அவள் எப்படியோ ஒன்று கொடு சாமி என்றாள். கோப்பையை வாயில் வைத்ததும் வேப்பங்கொழுந்தைக் கடித்தது போலத் தலை தன்னால் ஆடியது. இதற்காகவா ஒன்றரை வருஷம் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினாள். ஆனால் பணம் கொடுத்து, பெட்டி கட்டி, அவன் சேர்த்துக் கொடுத்த பிரஷ்ஷும் துணியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகும், வறுத்த வாசனை ஒன்று நாக்கின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தது. சேலம் வந்து சேரும் வரை போகவில்லை.

அவன் பேச்சில் நேரம் ஓடிப்போயிருந்தது. கணவரின் வண்டியைச் சேலத்தில் இரண்டேகாலுக்கு எடுப்பார்கள். அதற்கு முன்பே ஒரு தனியார் பேருந்தில் ஏறிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி இரண்டு. நின்றிருந்த தனியார் வண்டியில் படிக்கட்டு வரை ஆள். பெட்டியைப் பார்த்ததும் நடத்துநர் கையை விரித்துவிட்டான். வெயிலில் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினால், பத்தடி தூரத்தில், ராசிபுரம், நாமக்கல் என்று கூவிக்கொண்டு காளிதாஸ் நின்றார். கூவிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. இனி எங்கே ஒளிவது? ஏறி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, படம் போட்ட பக்கம் தன் வயிற்றைப் பார்க்கும்படி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியதும் அவர் சீட்டுப் போட்டுக்கொண்டே வந்தார். அவளிடம் வந்தபோது மற்ற பயணியிடம் கேட்பது போலவே, எங்கே என்று கேட்டார். ராசிபுரம் ஒன்று என்று அவளும் பணத்தை நீட்டினாள். சீட்டைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டிக்கு லக்கேஜ் போடோணுமே. என்ன அது?"

"தையல் சாமானுங்க."

அவர் லக்கேஜ் சீட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஓவர்லாக் மிஷின் வாங்கிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பின்பக்கம் போகும்போது அவர் முகம் தெளிந்திருந்ததை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

மல்லூரில் கூட்டம் ஏறியது. மூட்டையோடு வந்த ஒருவர் இடித்ததில் பெட்டி மடியிலேயே பாதி சுற்றித் திரும்பிவிட்டது. அவள் சரிசெய்வதற்குள் காளிதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். அட்டையில் மிஷினின் படம், அதன் கீழே கோப்பை, கோப்பையில் நுரை. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். கையிலிருந்த டிக்கெட் மிஷினில் பாதி அடித்த சீட்டு அப்படியே தொங்கியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர், நடத்துநர் விசில் கொடுப்பார் என்று நின்று பார்த்து, வண்டி தாண்டிப் போகவும் சத்தம் போட்டார். ஓட்டுநர் பிரேக் அடித்துக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் காளிதாஸ் விட்ட முதல் நிறுத்தம் அது.

ஆண்டகளூர் கேட் நெருங்கும்போது கூட்டம் குறைந்தது. அவர் அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அளவு பாத்தியா?"

அவள் கைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த குண்டையும் டேப்பையும் காட்டினாள்.

"அம்பத்தொண்ணுங்க. உள்ள வெச்சே பாத்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கேட் கேட் என்று வழக்கத்தைவிட உரக்கக் கூவினார்.

மறுநாள் அவருக்கு வார விடுமுறை. கோகிலவாணி மனத்தில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கேட்டாள். மிஷினுக்கு இடம் பண்ண மாவு கிரைண்டரை இருவரும் சேர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

காளிதாஸ் கிரைண்டரைப் பிடித்தபடியே நின்றார். "சொன்னா நீ ஒடனே வாங்குங்கன்னு சொல்லிப்போடுவ. அப்பறம் உன்ற மிஷினு அதோட போயிரும்."

அந்த மிஷின் தனக்கு வேண்டவே வேண்டாம், அது கழுத்துவலிப் பேச்சு என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. அந்தச் சின்னக் கோப்பையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் கிரைண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். தடத்தில் போகும்போது டிரைவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே டீ. கடைக்காரர் எப்படி ஊற்றுகிறாரோ அப்படி. மூணு நிமிஷத்தில் குடித்துவிட்டு விசில். இத்தனை வருஷத்தில் அது தப்பென்று தோன்றியதில்லை. அன்றைக்குச் சேலத்துக் கடையில், மகள் வயசுப் பெண் ஒருத்தி நோட்டோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எப்படி வேணுமுங்க சார்னு கேட்டா, கோகிலா. எனக்குச் சொல்லத் தெரீல. எனக்கு எப்படி வேணும்னு எனக்கே தெரியாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

ஓமலூரில் அந்தப் பையன் அதே கேள்வியைக் கேட்டபோது எப்படியோ ஒன்று கொடு என்று தானும் சொன்னது கோகிலவாணிக்கு நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கிரைண்டரின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

முதல் காப்பி வரவில்லை. வீட்டில் இருந்த பில்டர் காப்பிப் பொடியைக் கறுப்புத் தராசில் எடை போட்டு, சமிக்கி ஊசியால் கிளறி, குண்டால் அழுத்தி, மாட்டி, பொத்தானை அமுக்கினார். மேடேறுகிற பழைய வண்டி போல மிஷின் முனகியது. அரை நிமிஷம் கழித்துத் தார் மாதிரி மூன்று சொட்டு விழுந்து நின்றுபோனது. இரண்டாவது தடவை அழுத்தாமல் விட்டார். பாத்திரம் கழுவின தண்ணீர் போல எட்டு வினாடியில் எல்லாம் கொட்டிவிட்டது. மூன்றாவதும் அப்படியே. ஒன்றரை வருஷம் பார்த்த வீடியோவில் எல்லோருக்கும் அழகாக வந்தது. காளிதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆசைப்பட்டதே தப்போ என்பது போல இருந்தது முகம்.

கோகிலவாணி கொட்டிய பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். குண்டும் கிண்ணமும் பொருந்தியாகிவிட்டது, மிஷின் ஓடுகிறது, மிச்சம் இருப்பது பொடிதான். மகளிடம் கேட்டதில், பொடியில் சிக்கரி இருக்கக் கூடாது, அரைப்பு இதற்கென்று தனியாக வேண்டும், வீட்டிலேயே கொட்டை அரைக்க ஒரு காப்பி கிரைண்டர் வாங்கினால் நல்லது என்றாள். அந்தக் கிரைண்டர் மிஷினைவிட விலை அதிகம். அதற்குத்தான் அப்பா இதுவரை போகவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அருணகிரி காப்பிப் பொடிக் கடை வைத்திருந்தார். முப்பது வருஷமாகக் கொட்டை வறுத்து, கண்ணெதிரில் அரைத்துக் கொடுக்கிறவர். இருவரும் அங்கே போனார்கள். சிக்கரி வேண்டாம் என்றதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சிக்கரி இல்லாமல் ஊற்றினால் நிறம் எங்கிருந்து வரும், தெரிந்தவர்களாயிற்றே என்று சொல்கிறேன், பிறகு என் கடையைக் குறை சொல்லாதீர்கள் என்றார். வெறும் கொட்டையில் ஐம்பது கிராம் போதும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நைசாக என்று கோகிலவாணி கேட்டாள். ஐம்பது கிராமா என்று அவர் முணுமுணுத்தபடி அரைத்தார்.

அது அடைத்துக்கொண்டது. அவர்கள் மறுபடி போனார்கள். இரண்டாவது அரைப்பு ஓடிவிட்டது. மூன்றாம் முறை போகக் காளிதாஸ் கூச்சப்பட்டார். நீங்கள் வெளியிலேயே இருங்கள் என்று அவரைத் தெருவில் நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். முன்பு வாங்கிய இரண்டு அரைப்பிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்திருந்தாள். துணிக்கு ஏற்ற நூலைத் தேடுகிறபோது வெட்டுத் துண்டை எடுத்துப் போவாள், அதே பழக்கம். இரண்டையும் அருணகிரி முன்னால் பிரித்து வைத்தாள்.

"இது இறுக்கமுங்க. இது தொளதொளன்னு இருக்குது. ரெண்டுக்கும் நடுவால, இறுக்கத்துப் பக்கமா சித்த தள்ளி வெச்சு அரைங்க."

அருணகிரி இரண்டையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அரைவை மிஷினின் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார், அவளைப் பார்த்தார், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினார். அந்த இடத்தில் கோகிலவாணி தன் முந்தானை முடிச்சிலிருந்த தையல் சாக்கட்டியை எடுத்து ஒரு கோடு போட்டாள். தன் மிஷின்மேல் ஒரு பெண் கோடு போடுகிறாள் என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் ஒரு சொட்டு கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்.

அந்தப் பொடியில் காப்பி வந்தது. பொத்தானை அமுக்கியதும் சில வினாடி ஒன்றுமில்லை. பிறகு கம்பிப் பதத்தில் வெல்லப்பாகு இறங்குவது போல இரண்டு மெல்லிய இழை இறங்கியது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்; இருபத்தேழில் அவர் நிறுத்தினார். கோப்பையின் மேல் கருப்பட்டி நிறத்தில் ஒரு ஆடை. காளிதாஸ் அதை நின்றுகொண்டே குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கழுத்து நரம்பு தளர்ந்து இறங்கியதைப் பார்த்தாள், அது போதும். அவர் கோப்பையைக் கழுவித் துடைத்து, அவளுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். பால் சேர்த்து, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. நுரைக்கிறபோது பால் குவளை ஊளையிட்டு, பாதி அடுப்பின்மேல் தெறித்தது. அதைத் துடைத்துக்கொண்டே அவள் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலை நாலரை மணிக்கு மிஷின் சத்தம் கேட்கும். தெருவில் முதலில் அது தண்ணீர் மோட்டார் என்று நினைத்தார்கள். உறவுக்காரர்கள் வந்தால் காளிதாஸ் போட்டுக் கொடுப்பார். பாதிப்பேர் கஷாயம் என்பார்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவள் ரவிக்கைக்காரிகளில் ரஞ்சிதா என்ற ஒருத்திக்கு மட்டும் பிடித்துப்போய், தைக்கக் கொடுக்கத் துணி இல்லாத நாளிலும் வர ஆரம்பித்தாள். அருணகிரி ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வந்து, ஒரு கோப்பை குடித்து, சிக்கரி இல்லாமல் இந்த நிறமா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மிஷினில் அந்தச் சாக்கட்டிக் கோடு அழிந்துபோக, அவரே அந்த இடத்தில் பெயின்ட் வைத்துவிட்டார்.

இந்த வருஷம் ஆடியில் காளிதாஸைப் பெங்களூர் வண்டிக்கு மாற்றினார்கள். ஒருநாள் போய் அங்கே தங்கி மறுநாள் திரும்ப வேண்டும். மிஷின் சும்மா நிற்கக் கூடாது, ரப்பர் வளையம் காய்ந்துவிடும், தினமும் ஒருதடவையாவது ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் தண்ணீர் ஓட்டினால் போதும். ஆனால் சூடாகி நிற்கிற மிஷினில் வெறும் தண்ணீர் விட அவளுக்கு மனம் வரவில்லை. பொடி போட்டாள். போட்டதைக் கொட்ட மனமில்லாமல் குடித்தாள். முதலில் பாலும் சர்க்கரையும். பிறகு சர்க்கரை குறைந்தது. ஒருநாள் பால் வாங்க மறந்து அப்படியே குடித்தாள். மறுநாள் பால் இருந்தும் அப்படியே குடித்தாள்.

பெங்களூர் டெப்போவிலிருந்து அவர் காலையில் கூப்பிடுவார். சாப்பாடு, கழுத்துவலி எல்லாம் விசாரித்த பிறகு மிஷின் ஓட்டினாயா என்று கேட்பார்.

"ஓட்டுனனுங்க. இன்னிக்குச் சித்த புளிச்சுது."

"எத்தனை செகண்டு?"

"இருவத்திரண்டு."

மறுமுனையில் பேருந்துகளின் இரைச்சல்.

"பொடி பழசாயிருச்சு போல," என்றார் காளிதாஸ். "ஓட்டம் கூடிப்போச்சு. நாளைக்கு வந்து நாம்ப ரெண்டு பேருமே அருணகிரி அண்ணங்கிட்டப் போலாம்."

வரட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். போனை வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் வெட்டி வைத்திருந்த ரவிக்கையின் கைத்துண்டை எடுத்துக்கொண்டு தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.